ஓட்ஸ் ‘பார்’: பட்டையா, கட்டியா, பத்தையா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சின்ன உதவி வேண்டும், அதுவும் சனிக்கிழமைக்குள். இங்கிலாந்தில், லீட்ஸில் நாங்கள் நடத்தும் வாரக்கடைசித் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்த முறை சமையல் பாடம். செய்முறைத் தாளைத் தமிழில் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. முதலில் கடலைமிட்டாய் செய்யலாம் என்றுதான் சொன்னேன், கோவில்பட்டிக்காரன் வேறு என்ன சொல்வேன், 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் என்று பெருமையும் அடித்துக்கொண்டேன், ஆனால் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு நிலக்கடலை ஒவ்வாது. அதனால் பழமும் ஓட்ஸும் சேர்த்துச் செய்யும் அந்த நீளத் துண்டுகள் என்று முடிவாயிற்று. கடை உறையில் கிரனோலா பார், சீரியல் பார் என்றெல்லாம் போட்டிருக்கும். இங்கே வீட்டில் செய்தால் ஃபிளாப்ஜாக் என்பார்கள்.

செய்முறை எளிது. 250 கிராம் ஓட்ஸ், 125 கிராம் வெண்ணெய், 125 கிராம் பழுப்புச் சர்க்கரை, 75 கிராம் கோல்டன் சிரப் (இங்கே கடையில் கிடைக்கும் தேன் போன்ற சர்க்கரைப் பாகு), 100 கிராம் உலர்பழம் (நான் பேரீச்சையும் உலர் திராட்சையும் போடுகிறேன்). வெண்ணெய், சர்க்கரை, சிரப் மூன்றையும் சிறு தீயில் உருக்கி, ஓட்ஸையும் பழத்தையும் கொட்டிக் கிளறி, 20 செ.மீ. சதுரத் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, கரண்டியின் முதுகால் நன்றாக அழுத்திப் பரப்பி, ‘அவன்’ (oven) அடுப்பில் 180 டிகிரியில் 25 நிமிடம். ஓரம் பொன்னிறமாகி நடு இன்னும் கொஞ்சம் தளதளவென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

இதை எழுதி முடித்துவிட்டேன். ‘பார்’ வருகிற இடத்தில் மட்டும் பேனா நிற்கிறது. என்ன போடலாம்?

---

மறுமொழி:
காலையுணவுப் பட்டை. முடிந்தது.

மறுமொழி:
தம்பி, ‘சத்துக்கட்டி’ எப்படி? கேட்டதும் பொருள் விளங்கும், பிள்ளைகளும் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

மறுமொழி:
தானியப் பாளம் என்பதே என் பரிந்துரை. தங்கப் பாளம் என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அப்புறம் ஓட்ஸ் என்று ஆங்கிலத்தை அப்படியே எழுதாதீர்கள், காடைக்கண்ணி என்ற சொல்லைப் பலர் பயன்படுத்துகிறார்கள்.

மறுமொழி:
பஸ்ஸை பஸ் என்றுதானே சொல்கிறோம், பாரையும் பார் என்றே எழுதிவிட்டுப் போங்களேன். எதற்கு இவ்வளவு பாடு?

---

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கருத்திலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எனக்கும் முதலில் தோன்றியது. கடையில் கேட்டு வாங்க ‘பார்’ போதும், நானும் அப்படித்தான் கேட்கிறேன். செய்முறைத் தாளில் எழுதும்போதுதான் வம்பு. ‘ஆறியதும் பார் பாராக வெட்டவும்’ என்று எழுதி என் எட்டு வயது மகளிடம் படிக்கக் கொடுத்தேன். “எதைப் பார்க்கணும்ப்பா?” என்றாள். அதற்கு மேல் ஒரு வரியில் ‘அவனை 180 டிகிரிக்குச் சூடாக்கவும்’ என்று இருந்தது. எவனை என்று அவள் கேட்பதற்குள் தாளை வாங்கிக்கொண்டேன்.

பட்டை. மரப்பட்டை, கறிப்பட்டை, நெற்றியில் திருநீற்றுப் பட்டை, இதெல்லாம் சரி. ஆனால் நம் ஊர்ப் பக்கம் பட்டை என்றால் இன்னொன்றும் உண்டு, சாராயம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் “இன்னைக்கு வகுப்பில எல்லாரும் பட்டை போட்டோம்” என்று சொன்னால், அதுவும் காலையுணவு என்ற அடைமொழியோடு சொன்னால், அடுத்த வாரம் ஒருத்தரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.

சத்துக்கட்டிக்கு என் மறுப்பு வேறு வகை. மேலே கொடுத்த அளவுகளைக் கூட்டிப் பாருங்கள், மொத்தம் 675 கிராம். அதில் வெண்ணெயும் சர்க்கரையும் சிரப்பும் மட்டும் 325. கிட்டத்தட்டப் பாதி. ஓட்ஸில் நார்ச்சத்து இருக்கிறது, உண்மை, ஆனால் பாதி இனிப்பும் கொழுப்புமாக இருக்கிற ஒன்றுக்குப் பெயரிலேயே சத்து என்று சான்றிதழ் கொடுப்பது கடைக்காரர் வேலை. நாம் ஏன் செய்ய வேண்டும்? கலைச்சொல் ஒரு பொருள் என்ன என்பதைச் சொன்னால் போதும், நல்லதா கெட்டதா என்பதைச் சாப்பிடுகிறவர் பார்த்துக்கொள்வார். காலையுணவு என்ற அடைமொழியும் இதே காரணத்தால் வேண்டாம், எங்கள் வீட்டில் இது சாயங்காலம்தான் காலியாகிறது.

பாளம் பற்றிச் சொன்ன ஐயாவுக்குத் தனியாக நன்றி, ஏனென்றால் அந்தச் சொல்தான் என்னைச் சரியான பக்கம் திருப்பியது. யோசித்துப் பார்த்தால் ஆங்கிலத்தில் ‘பார்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறதையெல்லாம் தமிழில் நாம் ஒரே சொல்லால் குறித்ததே இல்லை. சோப்பு என்றால் கட்டி, தங்கம் என்றால் பாளம், ஜன்னலில் இருந்தால் கம்பி. ஆக, ‘பார்’ என்ற சொல்லுக்கு ஈடு தேடுவதை விட்டுவிட்டு, தட்டில் இருக்கும் பொருளுக்குப் பெயர் தேடலாம் என்று நேற்று இரவு ஒரு முறை செய்தே பார்த்தேன்.

தட்டிலிருந்து இறக்கும்போது அது ஒரே சதுரம். அது பாளம், சந்தேகமே இல்லை. பத்து நிமிடம் கழித்து, இளஞ்சூட்டில், கத்தியால் கோடு கீற வேண்டும். முழுக்க ஆறிய பிறகுதான் கோட்டோடு பிரித்து எடுக்க வேண்டும், அதுவரை பாகு இறுகாது. (முதல் தடவை நான் பொறுக்காமல் சூட்டோடு எடுத்தேன். மொத்தமும் உதிரி உதிரியாகக் கையில் வந்தது. பாலில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, இதற்குப் பெயர் கிரனோலா என்று வீட்டில் சொல்லிச் சமாளித்தேன். பொய்யும் இல்லை.) அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, “அப்ப பத்தை போட்டு வச்சிருக்கேன்னு சொல்லு” என்றார். அவ்வளவுதான்! தேங்காய்ப் பத்தை, மாங்காய்ப் பத்தை, பூசணிப் பத்தை. பெரிய ஒன்றிலிருந்து நீளவாக்கில் கீறி எடுத்த, கையில் பிடித்துக் கடிக்கத் தோதான துண்டுக்குப் பிறந்ததிலிருந்து இந்தச் சொல்லைத்தான் கேட்டிருக்கிறேன், தட்டைப் பார்த்தபோது மட்டும் ஏனோ நினைவுக்கு வரவில்லை.

எனவே என் முன்மொழிவு: தட்டில் இருப்பது பாளம், வெட்டி எடுத்தது பத்தை. ஓட்ஸ் பத்தை, பழப் பத்தை, பின்னால் தேவைப்பட்டால் புரதப் பத்தை. அச்சில் வார்க்கும் சாக்லேட்டுக்கு இது பொருந்தாது, அது வெட்டி எடுப்பது அல்ல, அதை அந்தக் கடைக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்தது காடைக்கண்ணி. ஐயா, மன்னிக்க வேண்டும், இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. என் பாட்டி காடைக்கண்ணி என்று சொன்னது ஒரு சிறுதானியத்தை. சிறுதானியங்கள் திரும்பிவரும் இந்த நேரத்தில் அதன் பெயரைப் பிடுங்கிக் குளிர்நாட்டுத் தானியத்துக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓட்ஸ் ஓட்ஸாகவே இருக்கட்டும். மாறாக, அதை என்ன செய்து பாக்கெட்டில் போட்டிருக்கிறார்கள் என்பதற்குத்தான் தமிழ்ச் சொல் வேண்டும், அது நம் கையிலேயே இருக்கிறது. உமி நீக்கிய ஓட்ஸை ஆவியில் வாட்டி, உருளைகளுக்கு நடுவே விட்டுத் தட்டையாக்குகிறார்கள். மற்றத் தானியங்களைவிட ஓட்ஸில் கொழுப்பு கூடுதல், ஆவி காட்டாவிட்டால் அதிலுள்ள நொதி வேலைசெய்து சீக்கிரம் காறல் வாடை வந்துவிடும், அதற்காகத்தான் அந்த ஆவி. நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்துத் தட்டையாக்கினால் அவல். அப்படியானால் இதுவும் அவல்தானே? ஓட்ஸ் அவல். கடையில் இருக்கும் பருமனான வகை கெட்டி அவல், உடனடியாக வேகும் வகை மெல்லிசு அவல், உருட்டாமல் துண்டுதுண்டாக நறுக்கி விற்பது நொய். மூன்று பாக்கெட்டையும் காட்டினால் ஊரில் எந்தப் பாட்டியும் இதே பெயர்களைத்தான் சொல்வார்.

இது வெறும் பெயர் விளையாட்டு இல்லை, சமைக்கும்போது உதவுகிறது. கெட்டி அவலை மட்டும் போட்டால் பத்தை உதிரும், மெல்லிசு மட்டும் போட்டால் களிபோல் இறுகும். இரண்டும் பாதிப் பாதி என்றால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தாளில் இப்படி எழுதினால் பிள்ளைகளோடு வரும் தாத்தா பாட்டிகளுக்கும் உடனே புரியும்.

பாகு பற்றி ஒரு வார்த்தை. கடலைமிட்டாய்ப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்க வேண்டும், அது முற்றிய பதம். இதற்கு அந்தப் பதம் ஆகாது, பல் போய்விடும். உருகிக் கலந்ததும் இறக்கிவிடலாம். கோல்டன் சிரப்பில் சர்க்கரையின் ஒரு பகுதி ஏற்கெனவே குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்திருப்பதால் ஆறின பிறகும் பூத்துப்போகாது, மெத்தென்று இருக்கும். நம் வீடுகளில் குலாப் ஜாமூன் பாகில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிவது இதே காரியத்துக்குத்தான். கோல்டன் சிரப்புக்குப் பொன்பாகு என்று பெயர் வைத்திருக்கிறேன், யாரும் சண்டைக்கு வர மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்.

---

மறுமொழி (டொராண்டோவிலிருந்து):

தம்பி, மடலை வாசித்து நல்லாச் சிரித்தேன். பட்டைக்கு நீர் சொன்ன மறுப்பு சரி. ஆனால் அதே மறுப்பு உம்முடைய சொல்லுக்கும் இருக்குது. எங்கட யாழ்ப்பாணப் பக்கம் பத்தை எண்டால் புதர். “பத்தைக்குள்ள போகாதை, பாம்பு கிடக்கும்” எண்டுதான் அம்மா எங்களைக் கூப்பிடுவா. லீட்ஸ் வகுப்பில் எங்கட ஆட்களின் பிள்ளைகளும் இருப்பினம்தானே, அவைக்கு ‘பழப் பத்தை’ எண்டால் ஈச்சம்பழப் புதர்தான் ஞாபகம் வரும்.

மற்றது, அவனைச் சூடாக்குவதை விடும். எங்களிடம் போறணை எண்டொரு சொல் இருக்குது. பாண், அதுதான் உங்கட பிரெட், போடுகிற அடுப்பு. பாண் போலவே அதுவும் போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப் போன சொல்தான், ஆனால் நாலு நூற்றாண்டாய் எங்களோடு கிடக்குது, இனி அது எங்கட சொல். பேக்கரியை நாங்கள் வெதுப்பகம் எண்டு எழுதுகிறோம், நீங்கள் அடுமனை எண்டு எழுதுகிறீர்கள், அதில் நான் தலையிடேல்லை.

---

அக்கா, மாட்டிக்கொண்டேன். பத்தைக்குள் பாம்பு இருக்கும் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது.

இருந்தாலும் ஒரு முறை வாதாடிப் பார்க்கிறேன். புதரை எழுத்தில் பற்றை என்று எழுதுவீர்கள் அல்லவா? பேச்சில்தான் இரண்டும் ஒன்றாகக் கேட்கிறது. தாளில் எழுதும்போது ஒன்று பற்றை, ஒன்று பத்தை. அதோடு ஓட்ஸ் பத்தையை யாரும் புதர் என்று நினைக்க வழியில்லை, ஓட்ஸ் புதராக வளர்வதில்லை. ‘பழப் பத்தை’ மட்டும்தான் இடறுகிறது, அதை விட்டுவிடுகிறேன், ‘பழம் சேர்த்த ஓட்ஸ் பத்தை’ என்று நீட்டி எழுதிவிடலாம். இன்னொன்று, ஃபிளாப்ஜாக் என்றால் இங்கே இந்தப் பண்டம், அமெரிக்காவில் அதே சொல்லுக்குத் தோசைக்கல்லில் ஊற்றுகிற பான்கேக் என்று பொருள். இரண்டு கரையிலும் அவரவர் பண்டத்தைச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

கிரனோலாவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1863இல் நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில்லில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர் கிரானுலா என்று ஒன்றைச் செய்தார், கோதுமை மாவைச் சுட்டு உடைத்தது. பின்னால் மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக்கில் ஜான் ஹார்வி கெல்லாக் என்ற இன்னொரு மருத்துவர் அதே பெயரில் தன்னுடையதைச் செய்யப்போய், பெயர்த் தகராறு வந்து, ஓர் எழுத்தை மாற்றிக் கிரனோலா ஆக்கினார். அவர்களும் உட்கார்ந்து ஒட்டிய சொல்தான், வானத்திலிருந்து விழவில்லை.

போறணையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் அப்பம்மாவோ அம்மம்மாவோ அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் எதற்குப் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டும்? தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

நாளைக் காலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். இப்போதைக்குத் தாளில் இருப்பது இது:

“போறணையை 180 டிகிரிக்குச் சூடாக்கவும். வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, பொன்பாகு மூன்றையும் உருக்கி இறக்கவும். கெட்டி ஓட்ஸ் அவலும் மெல்லிசு ஓட்ஸ் அவலும் சம அளவில் சேர்த்து, பழத்தோடு கிளறி, தட்டில் அழுத்திப் பரப்பி, 25 நிமிடம் வைத்து எடுக்கவும். பத்து நிமிடம் கழித்துப் பாளத்தில் கோடு கீறவும். முழுக்க ஆறிய பிறகே பத்தைகளாகப் பிரிக்கவும். பன்னிரண்டு வரும்.”

பட்டர் பேப்பரை வெண்ணெய்த் தாள் என்று போட்டிருந்தேன், மகள் அதில் வெண்ணெய் எங்கே என்று கேட்டதால் பட்டர் பேப்பர் என்றே திருப்பி மாற்றிவிட்டேன். அதற்கு யாரிடமாவது சொல் இருந்தால் இன்று இரவு பத்து மணிக்குள் சொல்லுங்கள், லீட்ஸ் நேரம்.