குவாரண்டீனுக்குக் 'காப்பிருப்பு' என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

குவாரண்டீனுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழு உரையாடலில், 'தனிமைப்படுத்தல்' வேரூன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். சரி, நோயாளிக்கு அந்தச் சொல் இருக்கட்டும். நோய் இல்லாதவரையும் அதே சொல்லால் குறிப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

2020இல் அம்மாவுக்குக் குவாரண்டீன் ஆணை வந்தது. "உங்களைத் தனிமைப்படுத்துகிறோம்" என்று தொலைபேசியில் தமிழிலேயே சொன்னார்கள். போனை வைத்ததும், "அப்போ எனக்கு வந்துடுச்சாப்பா?" என்று கேட்டார். அன்றிரவு தன் தட்டையும் டம்ளரையும் தனியே கழுவி ஜன்னலோரம் கவிழ்த்து வைத்தார். கடைசிவரை அவருக்குத் தொற்று வரவே இல்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டு அனைத்துலகச் சுகாதார விதிமுறைகள், ஐசொலேஷன், குவாரண்டீன் இரண்டையும் முதல் பிரிவிலேயே தனித்தனியாக வரையறுக்கின்றன. முன்னது நோயுற்றவரைப் பிரித்து வைப்பது. பின்னது நோய் இல்லாத, ஆனால் தொற்றியிருக்குமோ என்று ஐயப்படுகிறவரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவது. ஒரு துறைமுகம் அனுப்பும் செய்தி இன்னொரு துறைமுகத்துக்கு அதே பொருளில் போய்ச் சேர வேண்டுமே! அந்த நிறுவனத்தின் அதிகாரத்துவ மொழிகள் ஆறு. தமிழ் அதில் இல்லை. ஆகவே இந்த வேறுபாட்டைத் தமிழில் காப்பாற்றுவது நம் வேலை.

நம் சிங்கப்பூருக்குக் குவாரண்டீன் புதிதும் அல்ல. 1874இலேயே இங்குள்ள செயின்ட் ஜான்ஸ் தீவில் கப்பல் பயணிகளை இறக்கி வைத்தார்கள். ஐநாவுக்கு முந்திய பன்னாட்டுச் சங்கம் 1925இல் சிங்கப்பூரில் ஓர் அலுவலகம் திறந்தது. கிழக்குத் துறைமுகங்களின் பிளேக், காலரா, பெரியம்மைச் செய்திகளைத் திரட்டி வாரந்தோறும் தந்தியில் அனுப்பியது.

குவாரண்டீனுக்கு 'ஒதுக்கம்' என்று குழுவில் வந்த பரிந்துரையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஊரைவிட்டு ஒதுக்கி வைத்த கொடுமையின் தழும்பு அந்தச் சொல்லில் இருக்கிறது.

மாரியம்மன் விழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் விழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக்கூடாது என்பது பல ஊர்களில் வழக்கம். காப்புக் கட்டியவர் நோயாளி அல்ல. ஊருக்காகக் கட்டுப்பட்டு இருப்பவர். அங்கிருந்துதான் 'காப்பிருப்பு' என்ற சொல்லை எடுத்தேன். 'பத்து நாள் காப்பிருப்பு', 'காப்பிருப்பு ஆணை', 'அவர் காப்பிருக்கிறார்' எல்லாம் வாயில் தடையில்லாமல் வருகின்றன.

காப்பு என்றால் கைவிலங்கு நினைவு வராதா என்று ஓர் அக்கா தனிமடலில் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் வீடுகளில் காப்பு என்றால் முதலில் குழந்தையின் கைதான் கண்ணில் தெரியும்.

பிறவினைதான் இன்னும் இடிக்கிறது. 'காப்பிருத்தினார்கள்' என்பதா, 'காப்பில் வைத்தார்கள்' என்பதா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.