லேப்டாப் ரிப்பேர் டீமுக்கு கான்பான் போர்டு வேணுமா, இல்ல அது ஆபீஸ் வியாதியா?

தண்டையார்பேட்ட_தம்பி
ஒரு பஞ்சாயத்து மக்களே. நாங்க 11 பேரு, தண்டையார்பேட்டையில ஒரு மாடி ரூம்ல சனி ஞாயிறு சாயங்காலம் பழைய லேப்டாப்ப ரிப்பேர் பண்ணி படிக்கிற பசங்களுக்கு குடுக்கறோம், பாதி மிஷின் 2011ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் திட்டத்துல வந்தது, அக்கா படிச்சு முடிச்சதும் பரண்ல ஏறுனது. டிஸ்க்க அழிக்கணும், ஹிஞ்ச் (மூடியோட கீல்) பேட்டரி பாக்கணும், எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) மாத்தி லினக்ஸ்ங்கற இலவச சிஸ்டம் ஏத்தணும், ஒரு நாள் ஓட்டிப் பாக்கணும், அப்பறம்தான் குடுக்கணும். இப்ப 14 மிஷின் தொறந்து கெடக்கு, ரெண்டு மாசத்துல வெளிய போனது ரெண்டே ரெண்டு. போன வாரம் ரெண்டு மிஷினோட ஸ்க்ரூ ஒரே எவர்சில்வர் தட்டுல கலந்துடுச்சு, நீட்டு ஸ்க்ரூவ குட்டை ஓட்டைல முறுக்கி டச்பேடு புடைச்சிட்டு நிக்குது. வாட்ஸாப்ல "நான் பாத்துக்கறேன்"னு ஒருத்தர் போட்டா அதுக்கு மேல 60 குட்மார்னிங் வந்து விழுது, யார் எதை எடுத்தாங்கன்னே தெரியல. 14ன்னு சொன்னேன்ல, எண்ணுனா ரூம்ல 13தான் இருக்கு. கான்பான் போர்டு போடலாம்னேன், அதாவது ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு கார்டு, வேலை நகர நகர கார்டையும் கட்டம் கட்டமா நகத்தணும், ஒரு கட்டத்துல ஒரே நேரத்துல இத்தனைதான்னு லிமிட் இருக்கும். சண்டைக்கு வர்றாங்க.

பேசின்பாலம்
சண்டைக்கு வந்தது நான்தான், அதே டீம்தான். பகல் பூரா ஆபீஸ்ல இதே போர்டுதான், "உன் கார்டு ஏன் 3 நாளா நகரல"ன்னு தெனம் காலைல நிக்க வெச்சு கேப்பாங்க. அதை முடிச்சிட்டு ட்ரெயின் புடிச்சு இங்க வந்தா இங்கயும் அதேவா? வர்றவங்க யாருக்கும் சம்பளம் கெடையாது. ஒருத்தர் ஹார்பர்ல ஷிப்ட் முடிச்சிட்டு கண்ணு எரிய எரிய வர்றாரு, அவர் கைய நீட்டும்போது "இல்லண்ணே, லிமிட் ஆயிடுச்சு, தொடாதீங்க"ன்னு சொல்லிப் பாரு, அடுத்த வாரம் வருவாரா?

எண்ணூர்_ரிட்டயர்டு
தம்பிங்களா, கான்பான்னா போர்டுன்னு யாரு சொன்னது? 30 வருசம் வண்டி பார்ட்ஸ் செய்யற கம்பெனில ஷாப்ஃப்ளோர்ல நின்னவன் சொல்றேன் கேளு. எங்களுக்கு போர்டே கெடையாது, ட்ரேயோட ஒரு அட்டை வரும் அவ்ளோதான். ஜப்பான்ல கடை வாசல்ல தொங்குற பேர்ப்பலகைக்குதான் கான்பான்னு பேரு. 1950கள்ல டொயோட்டால தாய்ச்சி ஓனோ கொண்டாந்தது, சூப்பர் மார்க்கெட்ல கஸ்டமர் எடுத்துனு போன அளவுக்குதானே திரும்ப அடுக்குவான், அந்த ரோசனை. முன்னாடி கீறவன் ட்ரேய காலி பண்ணா அட்டை பின்னாடி வரும், அட்டை வந்தாதான் நீ செய்யலாம், அட்டை இல்லன்னா சொம்மா குந்து. சாஃப்ட்வேர் ஆளுங்க கைக்கு இது அப்பால வந்துது, 2004 வாக்குல டேவிட் ஆண்டர்சன் மைக்ரோசாஃப்ட்ல ஒரு டீமுக்கு செஞ்சு பாத்தாரு. உங்க ஆபீஸ்ல லிமிட்ட கடாசிட்டு போர்ட மட்டும் மாட்டி வெச்சிருப்பான், அதான் உனக்கு பேஜாரா கீது.

கணக்கு பாரு. மாசத்துக்கு ஒண்ணு வெளிய போவுது, உள்ள 14 கீது. இந்த ரேட்ல போனா ஒரு லேப்டாப் உள்ள வந்து வெளிய போவ 14 மாசம். 1961ல ஜான் லிட்டில்னு ஒர்த்தர் நிரூபிச்ச கணக்கு இது. ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணு வந்து கேட்டுச்சுன்னு வெய்யி, லேப்டாப் கைக்கு வர்ற நேரம் அது காலேஜ்ல இருக்கும்.

பேசின்பாலம்
அண்ணே மரியாதையாவே சொல்றேன், அந்த கணக்கு ரொம்ப நாள் ஒரே சீரா வந்து போற எடத்துக்கு சராசரி. நமக்கு ஒரே நாள்ல 5 வரும், அப்பறம் ஒரு மாசம் ஈ ஓட்டுவோம். பல மிஷின் நிக்கறதே பார்ட்ஸ் இல்லாமதான், ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடுனாலும் அந்த பழைய மாடலுக்கு ஹிஞ்ச் கெடைக்கல, அதுக்கு லிமிட் போட்டா ஹிஞ்ச் வந்துருமா? சரி லிமிட் 4ன்னே வெய்ங்க, 11 பேர்ல 4 பேரு வேலை பாப்பான், மிச்சம் 7 பேரு டீ குடிப்பானா?

வியாசை_டீச்சர்
அந்த 7 பேர் ஏன் டீ குடிக்கணும், ஒரு மிஷினுக்கு ரெண்டு மூணு பேரா உக்காருங்க. நான் வியாசர்பாடில சாயந்தர கிளாஸ் எடுக்கறேன், சொல்லிக் குடுக்க ஆள் இல்லாம புதுசா வர்ற பையன் தனியா ஒண்ணைத் தொறந்து திருதிருன்னு முழிக்கறதுதான் உங்க ஸ்க்ரூ கதை. பார்ட்ஸ் பத்தி தம்பி சொல்றது நியாயம். ஆனா "பார்ட்ஸுக்கு வெயிட்டிங்"னு தனி கட்டம் போட்டு அதை லிமிட்ல சேக்காம விட்டா எல்லாம் அங்க போய் படுத்துக்கும், நாங்க ஆண்டு விழாவுக்கு அப்படித்தான் போட்டோம், கடைசில அது காயலான் கடை மாதிரி ஆயிடுச்சு. அதையும் எண்ணிக்கைல சேருங்க, அப்பதான் உறுத்தும், யாராவது ஹிஞ்ச்ச தேடி அலைவாங்க, இல்லன்னா பிரிச்சு ஸ்பேர்ல போடுவாங்க.

கார்டுல ஆள் பேரு வேணாம். மிஷின் நம்பர், எந்த தேதில இந்த கட்டத்துக்கு வந்துது, அது போதும்.

தண்டையார்பேட்ட_தம்பி
பேர் இல்லன்னா எப்டி டீச்சர், அந்த காணாம போன 14வதுக்கு யார கேக்கறது? இன்னொரு சிக்கல், ட்ரெல்லோன்னு ஆன்லைன் போர்டு ஒண்ணு இருக்கே, அதுல போடலாம்னு பாத்தேன், 2024லருந்து ஃப்ரீ கணக்குல ஒரு ஒர்க்ஸ்பேஸுக்கு 10 பேருக்கு மேல சேக்க முடியாதாம். நாங்க 11.

எண்ணூர்_ரிட்டயர்டு
தோடா. ட்ரெல்லோவாவது ஒண்ணாவது, செவுத்துல போடு நைனா.

பேசின்பாலம்
செவுத்துல ஒட்டுற சீட்டு அந்த ரூம் ஃபேனுக்கு பத்து நிமிசம் தாங்காது, கடல் காத்து வேற. போன தடவ சார்ட் பேப்பரே உரிஞ்சு வந்துச்சு.

வியாசை_டீச்சர்
கயிறு கட்டுங்க. ஒரு கட்டத்துக்கு ஒரு கயிறு, துணி காயப்போடற கிளிப்ல அட்டைய மாட்டுங்க. ரிப்பேர் கயித்துல 4 கிளிப்தான் இருக்கணும், கிளிப் காலியா இல்லன்னா புது மிஷின தொறக்கக்கூடாது, யாரும் யாரையும் தடுக்க வேணாம்.

எண்ணூர்_ரிட்டயர்டு
இதாம்மா கான்பான். ஓனோவே வந்து பாத்தா டீ வாங்கி குடுப்பாரு.

பேசின்பாலம்
எவனாவது வீட்லருந்து ஒரு கிளிப் எடுத்தாந்து அஞ்சாவதா மாட்டுவான், பாத்துனே இருங்க. எனக்கு இன்னும் நம்பிக்கை இல்ல. பொங்கல் வரைக்கும் பாப்போம், ஆனா ஷிப்ட் முடிச்சு வர்ற அண்ணன் மொகம் சுருங்குனா கயித்த நானே அறுப்பேன், சொல்லிட்டேன்.

அப்பறம் அந்த 14வது மிஷின், தேட வேணாம், என் வீட்ல பீரோ மேல இருக்கு. ஒரு மாசம் முன்ன கீபோர்டு மாத்தலாம்னு எடுத்துனு போனேன், குரூப்ல போட்ட ஞாபகம்.

தண்டையார்பேட்ட_தம்பி
யோவ். சனிக்கிழமை வரும்போது எடுத்துனு வா, சார்ஜரையும் சேத்து. வர்ற வழில எம்.சி ரோட்டுல கிளிப் ஒரு டஜன்... இல்ல, 4 போதும்.