மொறிஸ் மைனர் சிக்னல்: இரண்டு பக்கமும் சேர்ந்து மின்னுகிறது

அண்ணாமார், கார் 1958 மொறிஸ் மைனர் 1000. பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் காரின் இரும்பு பொடியில் கொடுத்திருக்கிறது (பொசிட்டிவ் எர்த்). தூணிலிருந்து எழும்பும் பழைய கை சிக்னலைக் கழற்ற மனமில்லை. அதை அப்படியே விட்டு, வெளியில் வாங்கிய எல்ஈடி சிக்னல் செட் பூட்டியிருக்கிறேன். சிக்னலை மின்னவைக்கும் பிளாஷரும் பொசிட்டிவ் எர்த்துக்கானதுதான்.

வலப்பக்கம் போட்டால் இடப்பக்கமும் மங்கலாக மின்னுகிறது. எர்த் இடங்களைச் சுரண்டித் துப்புரவாக்கியும் மாற்றமில்லை. சிக்னல் போட்டதைக் காட்டும் டாஷ்போர்டின் பச்சை பல்பைக் கழற்றினால் எல்லாம் சரி. அது இரண்டு பக்க வயருக்கும் நடுவில் இருப்பதால் கரண்ட் அதனூடாக மற்றப் பக்கம் போகிறது போல. பழைய இழை பல்புக்கு அந்தச் சொற்பக் கரண்ட் காணாது, எல்ஈடிக்குப் போதும்.

பல்பின் ஒரு முனையை எர்த்தில் கொடுத்து, மற்ற முனையிலிருந்து இரண்டு பக்க சிக்னல் வயருக்கும் ஒவ்வொரு டயோட் (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) போட யோசனை. பொசிட்டிவ் எர்த் என்பதால் டயோட்டில் கோடு போட்ட முனை சிக்னல் வயர் பக்கம்தானே வரவேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கோ.