ஃபிளாக் கோப்புகளை வீட்டு சிடி பிளேயரில் தரம் குறையாமல் கேட்பது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஓர் ஆம்ப்ளிஃபயரும், ஒரு ஜோடி ஸ்பீக்கரும், அவற்றுடன் இணைத்திருக்கும் பழைய சிடி பிளேயர் ஒன்றும் உள்ளன. பிளேயரின் பின்புறத்தில் இடது, வலது ஆர்சிஏ துளைகளும் ஓர் ஆப்டிகல் துளையும் மட்டுமே இருக்கின்றன. முன்புறத்தில் ஹெட்போன் துளையைத் தவிர வேறெதுவும் இல்லை. அண்மைக் காலமாக நான் வாங்கும் இசை எல்லாம் ஃபிளாக் கோப்புகளாகவே வருகிறது. அவற்றில் பெரும்பாலானவை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், சில தொகுப்புகள் மட்டும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்.

இக்கோப்புகளை அப்படியே வெற்று சிடியில் நகலெடுத்துப் போட்டால் பிளேயர் வாசிக்குமா? ஆடியோ சிடியாகத்தான் எழுத வேண்டும் என்றால், அதில் தரம் ஏதேனும் குறையுமா? அல்லது அந்த ஆப்டிகல் துளையில் கணினியை இணைத்து, பிளேயருக்குள் இருக்கும் டாக் (எண்களை ஒலி அலையாக மாற்றும் சுற்று) வழியாகவே கேட்க வழி உண்டா? பிளேயரின் ஒலி எனக்குப் பிடித்திருப்பதால்தான் இவ்வளவும் கேட்கிறேன்.

பதில் 1

வணக்கம் நண்பரே. கடைசிக் கேள்விக்கான விடை சிறியது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிளேயரில் இருப்பது வெளியீட்டுத் துளை. சிடியிலிருந்து படித்த எண்களை அது வெளியே அனுப்புமே தவிர, வெளியிலிருந்து எதையும் உள்ளே வாங்காது. டிஜிட்டல் உள்ளீடு கொண்ட பிளேயர்களும் சந்தையில் உண்டு. அவற்றின் பின்புறத்தில் கோஆக்சியல் அல்லது ஆப்டிகல் துளைக்கு அருகே ‘உள்ளீடு’ என்று தெளிவாக அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றில் கணினியை நேரடியாக இணைக்கச் சதுர வடிவ யுஎஸ்பி துளையும் இருக்கும். நீங்கள் சொல்லும் அமைப்பைப் பார்த்தால் உங்களுடையது அந்த வகை அன்று.

கோப்புகளை அப்படியே நகலெடுத்த சிடியும் பயன்படாது. ஆடியோ சிடிக்கான விதிகளைச் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1980-இல் வகுத்தபோது, கோப்பு, கோப்புறை என்ற ஏற்பாடு எதுவும் அதில் இடம்பெறவில்லை. தட்டின் தொடக்கத்தில் பாடல்கள் எங்கெங்கே தொடங்குகின்றன என்று கூறும் ஓர் அட்டவணை இருக்கும். அதன்பின் செக்டர் எனப்படும் சிறு துண்டுகளாக, நொடிக்கு 75 செக்டர் வீதம் ஒலி எண்கள் ஒரே சுருளாக ஓடும். பிளேயருக்குப் படிக்கத் தெரிந்தது அவ்வளவுதான். ஃபிளாக்கின் முதல் முழுமையான பதிப்பு வெளிவந்ததே 2001-இல் என்பதால், அதைப் பிரித்து வாசிக்கும் திறனைப் பழைய பிளேயரிடம் எதிர்பார்க்க இயலாது. எம்பி3 சிடிகளை வாசிக்கும் பிளேயர்கள்கூடப் பெரும்பாலும் ஃபிளாக்கை வாசிப்பதில்லை.

ஆகவே ஆடியோ சிடியாக எழுதுவதே உங்களுக்கு உள்ள வழி. உங்களிடம் இருக்கும் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளைப் பொறுத்தவரை இதில் தரம் சிறிதும் குறையாது. ஃபிளாக் என்பது ஒலியைச் சுருக்கி வைக்கும் முறை. விரிக்கும்போது மூலத்தில் இருந்த ஒவ்வொரு பிட்டும் மாறாமல் திரும்பக் கிடைக்கும். அந்த எண்கள் சிடியின் அளவுகளோடு ஏற்கெனவே பொருந்துவதால் இடையில் எந்தக் கணக்கும் தேவைப்படுவதில்லை. தவறு நேர்வது எழுதும் மென்பொருளின் அமைப்புகளில்தான். எல்லாப் பாடல்களின் ஒலி அளவையும் சமப்படுத்தும் வசதி அதில் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு எண்ணும் மாறிவிடும். அதை முதலில் நிறுத்திவிடுங்கள்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தொகுப்புகளுக்கு மாற்றம் தவிர்க்க முடியாதது. ஒலி அலையை ஒரு கணத்தில் அளந்து குறித்த எண்ணை மாதிரி என்பார்கள். நொடிக்கு 96,000 மாதிரிகளை 44,100 ஆகக் குறைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மாதிரியையும் 24 பிட்டிலிருந்து 16 பிட்டாக்க வேண்டும். கீழே உள்ள 8 பிட்டுகளை வெறுமனே வெட்டி எறிந்தால், அந்தப் பிழை இசையோடு ஒட்டியே ஏறி இறங்கி, மெல்லிய பகுதிகளிலும் ஒலி தேய்ந்து மறையும் இடங்களிலும் கரகரப்பாகக் கேட்கலாம். இதைத் தடுக்க, பிட் குறைப்பதற்கு முன் மிகச் சிறிய அளவில் ஒழுங்கற்ற இரைச்சலைக் கலப்பார்கள். இதற்கு டிதர் என்று பெயர். இரைச்சலைச் சேர்த்துத் தரத்தைக் காப்பாற்றுவது விந்தையாகத் தோன்றினாலும், ஒலிப்பதிவுக் கூடங்களில் இதுவே வழக்கம். சாக்ஸ் போன்ற நல்ல மென்பொருளில் மாதிரி வீதத்தை முதலில் மாற்றி, டிதரைக் கடைசியில் ஒரே ஒரு முறை சேருங்கள். மாதிரி வீதம் மாறும்போது அலையின் உச்சிகள் சற்று உயர்ந்து வெட்டுப்படக்கூடும் என்பதால், ஒலி அளவை முன்னதாகவே ஒரு டெசிபல் அளவுக்குக் குறைத்துக்கொள்வது நல்லது. இப்படிக் கவனமாக மாற்றியதை மூலத்திலிருந்து வீட்டு அறையில் காதால் பிரித்தறிவது மிகக் கடினம் என்பது என் கருத்து.

பதில் 2

மேலே உள்ளவர் கூறியதில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் கேள்வியின் அடிப்படையையே நான் கொஞ்சம் அசைத்துப் பார்க்க விரும்புகிறேன். கணினியில் கோப்பாக இருக்கும் எண்களைச் சிடியில் எழுதி, அதே எண்களை லேசரைக் கொண்டு மீண்டும் படித்து, டாக்குக்கு அனுப்புவது சுற்று வழி அல்லவா? தனி டாக் ஒன்றைக் கணினியின் யுஎஸ்பி துளைக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையில் வைத்துவிட்டால் 24 பிட் கோப்புகளும் மாற்றம் ஏதுமின்றி அப்படியே ஒலிக்கும். உங்கள் பிளேயரின் ஆப்டிகல் வெளியீட்டையும் அதே டாக்கில் இணைக்கலாம். இரண்டையும் ஒரே டாக்கில் மாற்றி மாற்றிக் கேட்டால், பிளேயரின் ஒலி என்று நீங்கள் விரும்புவதில் எவ்வளவு அதன் டாக்கிலிருந்தும் வெளியீட்டுச் சுற்றிலிருந்தும் வருகிறது என்பது தெரிந்துவிடும்.

யுஎஸ்பி துளை கொண்ட புதிய பிளேயரை வாங்க நினைப்போருக்கு ஓர் எச்சரிக்கை. முன்புறத்தில் பென் டிரைவ் செருகும் துளை இருப்பதனால் மட்டுமே அது ஃபிளாக்கை வாசிக்கும் என்று பொருள் இல்லை. எம்பி3-யோடு நின்றுவிடுபவை பல. கையேட்டில் ஃபிளாக் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா, எத்தனை பிட், எத்தனை கிலோஹெர்ட்ஸ் வரை என்று பாருங்கள். ஃபேட்32 முறையில் அமைத்த பென் டிரைவை மட்டுமே ஏற்பவையும் உண்டு.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தனி டாக் பற்றிப் பிறகு யோசிக்கிறேன். இப்போதைக்குச் சிடி எழுதவே முடிவு செய்திருக்கிறேன். தட்டைப் போட்டுவிட்டுத் திரையைப் பார்க்காமல் கேட்பதில்தான் எனக்கு நிறைவு இருக்கிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். மேடையில் பதிவு செய்த தொகுப்புகளில் ஒரு பாடலின் கைதட்டல் அடுத்த பாடலுக்குள் தொடர்கிறது. எழுதும்போது இடையில் ஒலி அறுபடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? 80 நிமிட இசையை வேவ் கோப்பாக விரித்தால் ஏறத்தாழ 847 மெகாபைட் வருகிறது. 700 மெகாபைட் என்று அச்சிட்ட தட்டில் அது எப்படிக் கொள்ளும்?

பதில் 3

இரண்டாவது ஐயத்துக்கு விடை செக்டரில் இருக்கிறது. தரவுச் சிடியில் ஒவ்வொரு செக்டரிலும் 2,048 பைட் மட்டுமே பயனருக்குக் கிடைக்கும். மீதி இடம் முகவரிக்கும் கூடுதல் பிழைதிருத்தத்துக்கும் போய்விடுகிறது. ஆடியோ சிடியில் அதே செக்டர் 2,352 பைட் ஒலியைத் தாங்கும். ஒரு கோப்பில் ஒரு பைட் மாறினாலும் கோப்பே கெட்டுவிடலாம், ஒலியிலோ ஒரு மாதிரி தவறினால் பிளேயர் பக்கத்து மாதிரிகளைக் கொண்டு இட்டு நிரப்பிவிடும் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஆகவே மெகாபைட்டை மறந்துவிட்டு நிமிடத்தை மட்டும் கணக்கிடுங்கள்.

இடைவெளியைப் பற்றி: எழுதும் மென்பொருளில் முழுத் தட்டையும் ஒரே மூச்சில் எழுதும் முறையைத் தேர்ந்தெடுத்து, பாடல்களுக்கு இடையிலான இடைவெளியைச் சுழியம் என்று வையுங்கள். டிராக் டிராக்காக எழுதும் முறையில் இடையிடையே 2 நொடி மௌனம் நுழைந்துவிடும்.

இதைச் செய்த பிறகும் பாடல் மாறும் இடத்தில் மெல்லிய ‘டிக்’ ஓசை கேட்கிறது என்று பலர் குறைப்படுவதுண்டு. ஒரு செக்டரில் ஒவ்வொரு சேனலுக்கும் 588 மாதிரிகள் அடங்கும். சிடியிலிருந்து எடுத்த கோப்பு என்றால் அதன் நீளம் 588-ஆல் மீதியின்றி வகுபடும். இணையத்தில் வாங்கிய கோப்புக்கோ, 96 கிலோஹெர்ட்ஸிலிருந்து நீங்களே மாற்றிய கோப்புக்கோ அந்த உறுதி இல்லை. கடைசிச் செக்டர் நிரம்பாவிட்டால் மென்பொருள் சுழியங்களை இட்டு நிரப்பும். ஓடிக்கொண்டிருக்கும் கைதட்டலின் நடுவே நொடியில் 75-இல் ஒரு பங்குக்கும் குறைவான அந்த மௌனம்தான் ‘டிக்’ என்று கேட்கிறது. எனவே தொகுப்பு முழுவதையும் முதலில் ஒரே கோப்பாக இணைத்து, மாதிரி வீத மாற்றத்தையும் அந்த ஒரே கோப்பின் மீது செய்து, பாடல்கள் தொடங்கும் இடங்களைக் கியூ ஷீட் எனப்படும் சிறிய உரைக் கோப்பு ஒன்றில் குறித்து, அதைக் கொண்டு தட்டை எழுதுங்கள். கியூ ஷீட்டில் நேரத்தை நிமிடம், நொடி, செக்டர் என்றே குறிப்பதால் ஒவ்வொரு எல்லையும் தானாகவே செக்டரின் தொடக்கத்தில் விழும்.

பதில் 1

கியூ ஷீட் யோசனை மிகச் சரியானது. தட்டு வாங்கும்போது சிடி-ஆர் வாங்குங்கள், சிடி-ஆர்டபிள்யூ வேண்டாம். அழித்து எழுதும் தட்டு ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு மிகக் குறைவு என்பதால் பழைய லேசர்கள் அதைத் தட்டு என்றே அறிந்துகொள்ளாமல் போகலாம். எழுதி முடித்தபின் சிடியிலிருந்து பாடல்களை மீண்டும் கணினிக்கு எடுத்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லா மாதிரிகளும் ஒரே அளவுக்கு முன்னோ பின்னோ நகர்ந்திருப்பதாக ஒப்பிடும் மென்பொருள் காட்டினால் கவலைப்பட வேண்டாம். அது எழுதிய டிரைவுக்கும் படித்த டிரைவுக்கும் உரிய நிலையான நகர்வு, ஒலியில் எதுவும் மாறியிருக்காது.