பாயிண்டைக் கடந்ததும் தானாகப் பாய்ந்தோடும் டிசிசி என்ஜின்: டிகோடர் பழுதா?

கேள்வி

வணக்கம். என்னிடம் எச்ஓ அளவில் (1:87) நான்கு அச்சுகள் கொண்ட டீசல் என்ஜின் மாதிரி ஒன்று இருக்கிறது. அதற்கு 4012 என்ற நான்கு இலக்க முகவரியைக் கொடுத்து டிசிசி முறையில் (தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) ஓட்டி வருகிறேன். நேர்ப்பாதையிலும் வளைவிலும் ஒழுங்காக ஓடும் இந்த என்ஜின், ஒரு குறிப்பிட்ட பாயிண்டை (தடம் இரண்டாகப் பிரியும் இடம்) கடக்கும்போது மட்டும் முகப்பு விளக்கு கண் சிமிட்டுவதுபோல் அணைந்து எரிய, அடுத்த கணமே முழு வேகத்தில் பாய்ந்துவிடுகிறது. கண்ட்ரோலரின் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாலும் நிற்பதில்லை. கையால் தூக்கினால்தான் அடங்குகிறது. பத்து முறை கடந்தால் மூன்று நான்கு முறை இப்படி ஆகிறது. வேறொரு என்ஜின் அதே பாயிண்டைத் தொல்லையின்றிக் கடக்கிறது. டிகோடரை (கட்டளைகளைப் படித்து மோட்டாரை இயக்கும், என்ஜினுக்குள் உள்ள மின்னணுப் பலகை) மாற்ற வேண்டியதுதானா?

பதில் 1

அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். பெரும்பாலான டிகோடர்கள் பழைய நேர்மின்னோட்டப் பாதையிலும் ஓடும்படி அமைக்கப்பட்டே வருகின்றன. பாயிண்டில் மின்சாரம் ஒரு கணம் அறுபட்டுத் திரும்பும்போது, தண்டவாளத்தில் மின்னழுத்தம் இருக்கிறது, ஆனால் புரியும்படியான கட்டளை எதுவும் வரவில்லை என்று டிகோடருக்குத் தோன்றினால், தான் சாதாரணப் பாதையில் நிற்பதாக அது முடிவுசெய்துகொள்கிறது. டிசிசி பாதையில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருப்பதால், என்ஜினும் முழு வேகத்தில் கிளம்பிவிடுகிறது. அந்த வசதியை நிறுத்திவிட்டால் போதும். சிவி 29-இல் (சிவி என்பது டிகோடரின் அமைப்புகளைச் சேமிக்கும் எண்ணிட்ட இடம்) 2 என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி. எழுதினேன். ஆனால் இப்போது 4012-ஐ அழைத்தால் என்ஜின் அசைவதே இல்லை, விளக்கும் எரியவில்லை. நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டது.

பதில் 2

என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பெயர்தான் மாறிவிட்டது. சிவி 1-இல் இருக்கும் குறுகிய முகவரிக்கு அது திரும்பிவிட்டது. வழக்கமாக அது 3. அந்த எண்ணில் அழைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அசையும். (சிவி 1-இல் வேறு எண் இருந்தால் அந்த எண்ணில் அழைக்க வேண்டும்.) சிவி 29 என்பது பல சுவிட்சுகளின் கூட்டுத்தொகை. 28 அல்லது 128 வேகப்படிகளுக்கு 2, நேர்மின்னோட்ட அனுமதிக்கு 4, 4012 போன்ற நீண்ட முகவரிக்கு 32. உங்கள் டிகோடரில் முன்பு 38 இருந்திருக்கக்கூடும். அதிலிருந்து 4-ஐ மட்டும் கழித்து 34 என எழுத வேண்டும். 2 என்று எழுதியதால் நீண்ட முகவரியும் சேர்ந்து அணைந்துவிட்டது. 4012 என்ற எண் சிவி 17, 18 ஆகியவற்றில் அப்படியே இருக்கும் என்பதால் அதைத் திரும்ப எழுதத் தேவையில்லை. இனி எந்த சிவியை மாற்றுவதானாலும் முதலில் ப்ரோக்ராமிங் பாதையில் (சிவிகளைப் படிக்கவும் எழுதவும் ஒதுக்கிய தனித் தடம்) வைத்து இருக்கும் மதிப்பைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இது நோய்க்குறியை அடக்குமே தவிர நோயைத் தீர்க்காது. மற்ற என்ஜின் அங்கே சரியாக ஓடுகிறது என்றால், மின்சாரம் அறுபடும் காரணம் இந்த என்ஜினுக்குள்தான் இருக்க வேண்டும். பாதையிலிருந்து எடுத்துத் தலைகீழாக வைத்து, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் போட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் டிகோடரின் சிவப்பு அல்லது கறுப்பு வயருக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். வலப்பக்கச் சக்கரங்கள் சிவப்புக்கும், இடப்பக்கச் சக்கரங்கள் கறுப்புக்கும் வர வேண்டும்.

கேள்வி கேட்டவர்

34 எழுதியதும் 4012-க்குப் பதில் சொல்கிறது, பாய்ச்சலும் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக இப்போது அதே பாயிண்டில் செத்ததுபோல் நிற்கிறது. நீங்கள் சொன்னபடி சோதித்தேன். பின்போகியின் (பின்பக்கச் சக்கரத் தொகுதியின்), சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் இடப்பக்க வெண்கலத் தகடு இரண்டு சக்கரங்களையும் தொடாமல், ஒரு முடி நுழையும் இடைவெளியில் விலகி நிற்கிறது. முன்போகியின் முதல் இடச்சக்கரத்தில் தார்போல் கருப்பு அழுக்கு படிந்திருக்கிறது. ஆக, இடப்பக்கத்துக்கு ஒரே ஒரு சக்கரம்தான் மின்சாரம் எடுத்துவந்திருக்கிறது. அது பாயிண்டின் பிளாஸ்டிக் ஃபிராக் (தண்டவாளங்கள் குறுக்கிடும், மின்சாரம் இல்லாத பகுதி) மேல் ஏறும் இடத்தில்தான் என்ஜின் நிற்கிறது.

பதில் 3

விடை கிடைத்துவிட்டது. தகட்டைச் சக்கரத்தின் உட்புறம் மெல்லத் தொடும் அளவுக்கு மட்டும் வளையுங்கள். அதிகம் அழுத்தினால் அதுவே பிரேக் ஆகிவிடும். அழுக்கை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். அந்தக் கீறல்களில் அழுக்கு இன்னும் விரைவாகப் படியும்.

மின்சாரம் அறுபடும் கணத்தைத் தாங்க மின்தேக்கித் தொகுதி பொருத்தச் சொல்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் இப்போது வேண்டாம். தொடாத தகட்டை அது மறைத்துவிடும். முதலில் என்ஜினை மிகக் குறைந்த வேகப்படியில் அந்தப் பாயிண்டின் இரு திசைகளிலும் இருபது முறை ஓட்டிப் பாருங்கள். விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை என்றால் மூடியைப் பூட்டிவிடலாம்.