படத் தெளிவுக்குத் தனியாகக் காசு கொடுக்கலாமா?

தறிக்காரன்: நெட்பிளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவில் விலையைக் குறைத்தது. மாதத்துக்குக் கைபேசிக்கு மட்டும் 149, அடுத்தது 199, முழு எச்டி தெளிவுக்கு 499, அதைவிடக் கூடிய 4கே தெளிவுக்கு 649 ரூபாய். படம் ஒன்றுதான், விலை மட்டும் நான்கு. கைபேசிக்காரனுக்கு 480பி என்ற குறைந்த தெளிவு போதும் என்று முடிவு செய்ய இவர்கள் யார்? தெளிவுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தரமாட்டேன்.

நிழற்படக்காரி: நான் 649 கட்டுகிறேன், மனதாரக் கட்டுகிறேன். இருட்டில் நடக்கும் காட்சியைக் குறைந்த தெளிவில் பெரிய டிவியில் பார்த்திருக்கிறீர்களா? கறுப்பு கறுப்பாக இருக்காது, சாம்பல் கட்டங்களாக உடையும். ஓரத்தில் நிற்பவரின் முகம் சுவரோடு கரைந்துவிடும். ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்து விளக்கு வைத்ததை அப்படிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

தறிக்காரன்: 649 ரூபாயில் தெளிவு மட்டுமா இருக்கிறது? 499-க்கு ஒரே நேரத்தில் இரண்டு திரை, 649-க்கு நான்கு. எனக்குத் தெரிந்து அதை வாங்கியவர்கள் கூட்டுக் குடும்பத்தார். அறைக்கொரு படம் ஓடுகிறது, 4கே டிவி ஒன்றுகூட இல்லை. அவர்களையும் தெளிவுக்குக் காசு கொடுப்பவர்கள் கணக்கில் சேர்ப்பீர்களா?

மலையடிவாரம்: நான் தென்காசிப் பக்கம். அப்பாவுக்காக 4கே திட்டம் எடுத்தேன். அதற்கு நொடிக்கு 15 மெகாபிட் இணைய வேகம் வேண்டும். இணைய இணைப்புக்காரர் 40 என்றுதான் கொடுத்தார். இரவு எட்டு மணிக்கு மேல் ஆறு வந்தால் பெரிது. படம் மங்கும், தெளியும், மறுபடி மங்கும், பிறகு வட்டம் சுற்றும். அப்பா ரிமோட்டை வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார். இரண்டே மாதத்தில் விட்டுவிட்டேன். தடங்கலில்லாமல் ஓடும் என்றால் நூறு ரூபாய் கூடக் கேட்டாலும் தருவேன்.

நிழற்படக்காரி: உங்கள் குறை நியாயமானது. தறிக்காரன் அண்ணா, 2024 ஏப்ரலில் ஜியோசினிமா விளம்பரம் இல்லாமல் 4கே வரை மாதம் 29 ரூபாய்க்குக் கொடுத்தது. அதுகூடவா அதிகம்?

தறிக்காரன்: 2023 ஐபிஎல்லை அவர்களே 4கே வரை இலவசமாகக் காட்டினார்களே!

நிழற்படக்காரி: அதற்கு விளம்பரக்காரர்கள் கட்டினார்கள். 4கே என்றால் மணிக்கு 7 ஜிபி வரை போகிறது. அதை அனுப்பும் செலவு யார் தலையிலாவது விழத்தான் வேண்டும்.

தறிக்காரன்: என் தலையிலும்தான் விழுகிறது, தங்கச்சி. நாளுக்கு 1.5 ஜிபி ரீசார்ஜ் போடுகிறேன். முழு எச்டியில் பார்த்தால் அரை மணியில் தீர்ந்துவிடுகிறது. ஒரே தெளிவுக்கு இரண்டு இடத்தில் கட்டச் சொல்கிறீர்கள்.

நிழற்படக்காரி: அதற்கு என்னிடம் பதில் இல்லை. மலையடிவாரம், டிவிக்கு வைஃபையா, கம்பியா?

மலையடிவாரம்: கம்பிதான். விடியற்காலை ஐந்து மணிக்கு முப்பத்தெட்டு வருகிறது. அந்த நேரத்தில் யார் படம் பார்ப்பது?