தாந்தாமலைக்கு எத்தனை வெத்திலை தூரம்?

எங்கள் பக்கத்துக் குடும்பிமலையில் ஏறிய கதையை ஒருவர் எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு முருகன் கோயில் இருக்கிற தாந்தாமலை ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் மட்டக்களப்பில் மலை என்றால் மலைநாட்டு மலை இல்லை. தட்டையாக வயலும் காடும் கிடக்க, நடுவில் ஒரு பாறை எழும்பி நிற்கும். தூரத்திலேயே கண்ணில் பட்டுவிடும். அதுதான் கரைச்சல், நடக்க நடக்க கிட்ட வராது.

எழுபதுகளின் கடைசி. ஆடி மாதத் திருவிழாவுக்குப் பெத்தாவோடு (எங்கள் பக்கத்தில் பாட்டியைப் பெத்தா என்போம்) போவோம். ஆரையம்பதியிலிருந்து மண்முனைத் துறைக்கு நடை, அங்கே 'பாதை'. (வெளியூர்க்காரருக்கு: பாதை என்றால் ரோட்டு இல்லை. வாவியில் ஆட்களையும் வண்டிலையும் ஏற்றி இறக்கும் மிதவை. 2014 இல் பாலம் வந்ததோடு அதன் காலம் முடிந்தது.) வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இறங்கி, கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, சொந்தக்காரர் வீட்டில் படுத்து, கோழி கூவ முன்னமே வெளிக்கிடுவோம். வண்டிலில் பானை, அரிசி, பாய், முழங்கால் நோவுக் கிழவிகள். பிள்ளைகள் எல்லாம் நடை.

வண்டில் அச்சுக்குக் கீழே அரிக்கன் லாம்பு தொங்கும். சில்லு உருள, ஆரக்கால்களின் நிழல் ரெண்டு பக்கத்துப் பற்றைகளிலும் பெரிசாகச் சுழன்றுகொண்டே கூட வரும். அதைப் பார்த்தபடி நித்திரையிலேயே நடந்திருக்கிறேன். வண்டிலின் பின்பலகையில் நெற்றி இடித்தால்தான் முழிப்பு.

"இன்னும் எவ்வளவு தூரம் பெத்தா?" என்றால் மைல் கணக்கு வராது. "ரெண்டு வெத்திலை மனே" என்பா. ஒரு வாய் வெத்திலை போட்டு, மென்று, துப்பி முடிகிற நேரம் ஒரு வெத்திலை. யாராவது பிள்ளை களைத்து அழுதால் வேளைக்கே துப்பிவிட்டு, "பாத்தியா, ஒண்டு முடிஞ்சிது" என்று காட்டுவா.

ஒரு வருசம் விடியற்புறம், பாலைமரம் ஒன்றுக்குக் கீழே பழம் கொட்டிக் கிடந்தது. நானும் மச்சானும் பொறுக்கத் தொடங்கினோம். பொறுக்கப் பொறுக்க மேலேயிருந்து கொத்துக் கொத்தாக விழுகிறது. முன்னால் போன ஆட்களில் யாரோ ஏறி எங்களுக்காக உலுப்புகிறார் என்று நினைத்து, "இந்தப் பக்கமும் உலுப்புங்க" என்று மச்சான் கத்தினான். உலுப்பல் நின்றது. பெத்தா வந்து நிமிர்ந்து பார்த்தா. சத்தம் போடவில்லை. "மனே, பழத்தைப் போட்டுட்டு வாங்க. ஓடப்படாது" என்றா, சோறு தின்னக் கூப்பிடுகிற அதே குரலில். வண்டிலடிக்கு வந்த பிறகுதான் நான் திரும்பிப் பார்த்தேன்: கவட்டில் கறுப்பாக ஒரு முதுகு.

அழுவதற்கு வாய் திறந்தால் திறக்கவில்லை. பாலைப்பழப் பால் ரெண்டு உதட்டையும் ஒட்டிவிட்டது. விளக்குக்குக் கொண்டுபோன தேங்காயெண்ணெயைத் தொட்டுத் துடைத்துவிட்டா. பயத்தில் இருந்த எனக்கு அந்த எண்ணெய் வாசம்தான் இன்றைக்கும் கரடி வாசம்.

கச்சான் என்கிற வறண்ட காற்றில் தொண்டை வறண்டு போய்ச் சேருகிற நேரம், பட்டிக்காரர் தந்த எருமைத் தயிரைப் பற்றி எழுதத் தொடங்கினால் முடியாது, விடுகிறேன். 1990 இல் சண்டை மூண்ட பிறகு பல வருசம் அந்தப் பக்கம் நாங்கள் போகவேயில்லை. பெத்தாவும் போய்விட்டா.

*

இதற்குப் பொத்துவிலிலிருந்து இன்னொருவர் எழுதிய பதில்:

எங்களுக்கு உகந்தை முருகன் கோயில். பாணமை தாண்டினால் காடும் மணலும்தான், வெயில் ஏற முன்னம் சேர வேண்டும். 'ஆனை' என்று வாய் திறக்க விடமாட்டார்கள், 'பெரியவர்' என்றுதான் சொல்ல வேண்டும். கரடிக்கு அந்த மரியாதை கிடையாது, ஏனென்று தெரியாது.

வள்ளியம்மன் மலைச் சுனைகளில் தண்ணீர் அள்ளி விளையாடியது ஒரு பக்கம். கதிர்காமம் போகிற சாமிமார் உகந்தையில் கும்பிட்டுவிட்டு, குமண, கும்புக்கன் ஆறு, யால என்று காட்டுக்குள் இறங்குவார்கள். சிறுபிள்ளைகள் நாங்கள் அங்கேயே திரும்ப வேண்டும். வேலோடு போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்று ஒப்பாரி வைத்திருக்கிறேன்.

உங்கள் பெத்தாவின் கணக்கு எங்கள் அப்பாவிடம் சுருட்டுக் கணக்கு. பாணமையிலிருந்து உகந்தைக்கு ஏழு சுருட்டு. ஒரு வருசம் நாலாவதோடு கட்டு முடிந்துபோனது. மிச்சத் தூரம் முழுக்க அப்பா ஒருவரோடும் பேசவில்லை.